பரவனாற்று வடிநிலம்: நீர்காப்பும் புனலாட்டும்

1. முன்னுரை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தையும் வழியையும் ஒருங்கே உணர்த்தும். நீர் தனக்கெனக் கண்டுகொண்ட வழியே ஆறு; அவ்வழியைப் பற்றியே ஊரும் வயலும் துறையும் கோயிலும் அமைந்தன. ஆதலின் ஓர் ஆற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் நீரளவைக் கணக்கிட்டு அமைதல் போதாது. கரையில் வாழ்ந்தோர் அந்நீரோடு கொண்ட உறவையும் ஆராய்தல் வேண்டும்.

கடலூர் மாவட்டத்துப் பரவனாறு காவிரி, வையை, பெண்ணை போலப் பெரும்புகழ் பெற்றதன்று. ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளில் இச்சிற்றாற்றின் வடிநிலத்தில், அஃதாவது மழைநீர் வடிந்து இதனை வந்தடையும் நிலப்பரப்பில், நிகழ்ந்த மாறுதல்கள் வரலாற்று மாணவரின் கருத்தை ஈர்ப்பன. நிலம் அகழப்பட்டது, ஏரி தூர்ந்தது, தூர்ந்த ஏரி மீளவும் தோண்டப்பட்டது, அகழ்ந்த குழியின் ஒரு பகுதி நிரப்பப்பட்டுக் காடாயிற்று, பின்னர் ஆற்றின் ஒரு பகுதியே இடம் மாற்றப்பட்டது. ஒரு வடிநிலத்தின் கேட்டையும் மீட்சியையும் ஒருங்கே காண்பதற்கு இதனினும் ஏற்ற களம் தமிழகத்தில் எளிதிற் கிடைக்காது.

கெட்டுப்போன வடிநிலம் மீண்டது என்று எப்போது சொல்லலாம்? தோண்டிய மண்ணின் கன அளவும், நட்ட மரங்களின் தொகையும், பெருகிய கொள்ளளவும் விடையாகத் தரப்படுகின்றன. இவை வேண்டுவனவே. ஆனால் தமிழர் தம் நீர்நிலைகளை எவ்வாறு காத்தனர் என்னும் வரலாற்றை நோக்கினால் வேறொரு விடையும் புலப்படும். நீரைக் காக்கும் கடமையும் நீரில் இறங்கி மகிழும் உரிமையும் ஒரே மக்களிடத்து இருந்த காலத்தில் ஏரி வாழ்ந்தது. இவை இரண்டும் பிரிந்தபோது ஏரி தூர்ந்தது. இக்கருத்தைப் பரவனாற்றின் வரலாற்றைக்கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் நீரும்

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் குள்ளஞ்சாவடி அமைந்துள்ளது. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கும் இடத்தையும் ஊரார் கூடும் பொதுவிடத்தையும் குறிக்கும் சொல். கடற்கரையையும் உள்நாட்டையும் இணைக்கும் பெருவழியில் இருப்பதால் அப்பெயர் இவ்வூருக்குப் பொருந்துவதாகவே உள்ளது. இவ்வட்டாரத்தில் மேட்டு நிலம் செம்மண் நிலம். முந்திரியும் பலாவும் சவுக்கும் நிலக்கடலையும் அங்கே விளைகின்றன. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, ஏரியும் நெல்வயலும் வருகின்றன. அதனையும் கடந்தால் மணல்மேடும் கடலும். முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரு நாள் நடைக்குள் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. குறிஞ்சிப்பாடி என்னும் பெயர் இங்கு உண்டேனும் மலை இல்லை.

நிலவியலார் இம்மேட்டு நிலத்துப் பாறையைக் கடலூர் மணற்கல் என்பர். மழைநீரை விரைவில் உட்கொள்ளும் இயல்புடையது இது. உட்சென்ற நீர் ஆழத்திலுள்ள மணற்படுகைகளில் அழுத்தத்தோடு தங்கி நிற்கிறது. அதனால் இவ்வட்டாரத்தில் ஆழக் கிணறு தோண்டிய சில இடங்களில் நீர் தானே மேலெழுந்து பொங்கியது. இந்நீர்ப்படுகைகளுக்கு மேலேதான், பண்டைக் காடுகள் மண்ணிற் புதைந்து இறுகிய பழுப்பு நிலக்கரி கிடக்கிறது.

பரவனாறு விருத்தாசலம் பகுதியின் மேட்டு நிலத்தில் தோன்றி, நெய்வேலிச் சுரங்கப் பகுதியை ஒட்டி வந்து, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றோடு தொடர்புற்று, கடலை நேரே சென்று சேராமல் கரைக்கு இணையாக வடக்கு நோக்கி நெடுந்தொலைவு ஓடிக் கடலூரில் உப்பனாற்றோடு கலந்து கடலை அடைகிறது. இவ்வாறு வளைந்து செல்லுதலால் பெருமழைக் காலத்தில் நீர் வடியக் காலம் பிடிக்கும். வெள்ளம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று என்பதற்கு ஆற்றின் இவ்வமைப்பே காரணமாகும்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பரவனாற்றுக்கு உரிய நீர் வடகிழக்குப் பருவமழை தருவது; ஐப்பசி கார்த்திகையில் வருவது. ஆனால் இதன் ஏரித்தொடரில் காவிரி நீரும் வந்து கலக்கிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வரும் காவிரி நீர், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பகுதியைச் சார்ந்த கால்வாய்களால் இத்தொடரோடு இணைகிறது. கருநாடக மலைகளில் ஆனி ஆடியில் பெய்யும் மழையும், வங்கக் கடலிலிருந்து ஐப்பசியில் வரும் மழையும் ஒரே வயலுக்கு நீர் தரும் நிலை இதனால் உண்டாயிற்று.

நம் நீர்விழாக்கள் இந்நீர்க்கணக்கை அப்படியே காட்டுகின்றன. காவிரிக் கரையில் விழா ஆடிப் பதினெட்டில். அது தென்மேற்குப் பருவத்தின் புதுநீர் வரும் காலம். பெண்ணை, கெடிலம் ஆகிய ஆறுகளின் கரைகளில் விழா தை ஐந்தாம் நாளில். அது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, மணல் வெளிப்பட்டு, ஓடும் நீர் தெளிந்த காலம். ஆற்றுத் திருவிழா எனப்படும் இந்நாளில் ஊர்த் தெய்வங்கள் ஆற்றுக்கு எழுந்தருளும். மக்கள் நீராடி மணலில் கூடியிருந்து உண்டு களிப்பர். இவ்விழாவின் காலத்தை வரையறுத்தோர் தம் ஆற்றின் இயல்பை நன்கு அறிந்தோர் என்பதில் ஐயமில்லை. காவிரி விழாவின் நாட்டிற்கும் பெண்ணை விழாவின் நாட்டிற்கும் இடையே, இரு நாட்காட்டிகளின் எல்லையில் பரவனாற்று வடிநிலம் கிடக்கிறது.

3. பழைய ஏற்பாடு

பொழுதுபோக்கு என்று இன்று நாம் வழங்கும் சொல், உழைப்பினின்றும் விலகிக் கழிக்கும் நேரத்தைக் குறிக்கிறது. பண்டை இலக்கியங்களில் வரும் புனலாட்டு அத்தகையதன்று. பரிபாடலின் எழுபது பாடல்களுள் இருபத்தாறு வையைக்கு உரியன என்று பழைய குறிப்பொன்று கூறும். இன்று முழுமையாகக் கிடைப்பவற்றுள் எட்டு வையையைப் பாடுவன. 1918இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்த பின்னர், புதுப்புனல் வரவு ஒரு நகரத்தின் எல்லா நிலை மக்களையும் ஆற்றுக்கு இழுத்து வந்த காட்சி அறிஞர்க்கு நன்கு தெரியவந்தது. ஆங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. வெள்ளம் வருதலும், கரை உடைதலும், அதனை அடைக்க மக்கள் ஒன்றுதிரளுதலும், பின் அந்நீரிலேயே ஆடுதலும் ஒரே தொடராக அங்குச் சொல்லப்படுகின்றன. கரை காத்தலும் நீராடலும் வேறுவேறு மாந்தரின் வினைகளாக அங்கில்லை.

நீர்நிலை அமைத்தல் அரசனது கடமை என்பதைப் புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகின்றார். அமைத்தல் அரசனுக்கு உரியது. அமைத்ததைக் காத்தல் ஊருக்கு உரியதாயிற்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி. பி. 919, 921) இதற்குச் சிறந்த சான்று. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலையால் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமர்த்தப்பட்டனர். அவர்தம் பதவிக்காலம் 360 நாட்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர்த் தேர்வுக்குரியர் அல்லர் என்பது அக்கல்வெட்டின் விதி.

இவ்விதி நம் ஆய்வுக்கு முதன்மையானது. ஏரியைத் தோண்டிய அரசன் பெயர் நிலைத்தது. ஆனால் ஏரியைக் காத்தவர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. யாரிடம்? அந்நீரையே உண்டு, அந்நீரிலேயே குளித்து, அந்நீராலேயே விளைவித்த தம் ஊராரிடம். அவ்வூராட்சி முறையை முழுமையான மக்களாட்சி எனக் கொள்ளுதல் பொருந்தாது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையாரே தேர்வுக்கு உரியர். வயலில் உழைத்தோர்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. எனினும் நீரைப் பயன்கொள்வோர் கண்முன்னே நீரைக் காப்போர் விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தனர் என்னும் அளவில் அம்முறை நமக்கு வழிகாட்டும்.

பரவனாற்றோடு தொடர்புடைய மூன்று பெரிய ஏரிகளின் பெயர்களும் இக்கருத்தை வேறொரு வகையில் விளக்குகின்றன. முதற் பராந்தகன் (907–955) காலத்தது வீராணம். அவனுடைய பட்டப்பெயரால் வீரநாராயண ஏரி என வழங்கியது. ஆடிப் பதினெட்டு நாளில் அவ்வேரிக் கரையில்தான் கல்கி தம் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கினார் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். வாலாஜா என்பது ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் (1749–1795) பட்டப்பெயர். பெருமாள் ஏரி தெய்வத்தின் பெயர் தாங்கியது. சோழன், நவாபு, தெய்வம் என மூவர் பெயர்கள் ஏரிகளுக்கு அமைந்தன. மதகு திறந்தவர், மடை அடைத்தவர், கரை கட்டியவர் ஆகியோர் பெயர் ஒன்றும் அமையவில்லை. ஆனால் ஏரி ஆயிரம் ஆண்டு நின்றது அவர்களால்.

பெருமாள் ஏரிக்குக் கிழக்கேயுள்ள தீர்த்தனகிரி, சுந்தரர் பாடிய திருத்தினைநகர். அடியவராக வந்த இறைவனுக்கு அமுதளிக்கப் பெரியான் என்னும் உழவரின் நிலத்தில் விதைத்த தினை ஒரே நாளில் விளைந்தது என்பது அத்தலத்தின் கதை. வடலூரை அடுத்த கருங்குழியில் இராமலிங்க அடிகள் தங்கியிருந்தபோது, நீரே நெய்யாக விளக்கெரிந்தது என்பது மற்றொரு வழக்கு. பசி நீக்குதலையே முதன்மையாகக் கொண்டு அடிகள் 1867இல் வடலூரில் தருமச்சாலையை நிறுவினார்; 1872இல் சத்திய ஞானசபை அமைந்தது. ஓராற்றின் சிறு வடிநிலத்துள் விளைவு, நீர், பசி ஆகிய மூன்றையும் பற்றியே தெய்வக் கதைகளும் அறநிலைகளும் எழுந்தமை தற்செயலன்று. மழை பொய்த்தால் மேட்டு நிலத்தில் பசி. மழை மிகுந்தால் தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் என்னும் இருவகை அச்சத்திடையே வாழ்ந்த மக்களின் நினைவே அவை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வேற்பாடு தளர்ந்தது. ஊரார் கூடி ஏரி பராமரிக்கும் குடிமராமத்து முன்னர் வழக்கமாக நிகழ்ந்தது. 1858ஆம் ஆண்டின் முதற் சட்டம் அதனைக் கட்டாய உழைப்பாக மாற்றியது. நீர்நிலையின் உரிமை அரசுத் துறைக்குச் சென்றது. உழைக்கும் கடமை மட்டும் ஊரில் எஞ்சியது. உரிமையற்ற கடமையை மக்கள் நாளடைவில் கைவிட்டனர். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டமை நன்று. ஆயினும் பெயரோடு உரிமையும் கணக்குக் கேட்கும் வழக்கமும் மீண்டனவா என்பதே ஆராயத்தக்கது.

4. நிலக்கரிக் காலம்

1930களில் நெய்வேலிப் பகுதியில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் நீருக்காகத் தோண்டிய கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டது. நீரைத் தேடியபோது நிலக்கரி கிடைத்தது; பின்னர் நிலக்கரியைத் தேடியபோது நீரே தடையாயிற்று. இந்த முரண் நெய்வேலி வரலாறு முழுவதிலும் தொடர்கிறது. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் முதல் மின்னாக்கி இயங்கியது. தமிழகத்தின் மின்சார வளர்ச்சியில் இது பெற்ற இடத்தை எவரும் குறைத்துக் கூறவியலாது.

ஆனால் அதன் விலையை வடிநிலம் மூன்று வகையில் செலுத்தியது. முதலாவது, படுகைக்குக் கீழுள்ள நீரின் அழுத்தம் சுரங்கத்தின் அடித்தளத்தை உடைத்தெழாமல் இருக்கும்பொருட்டு, நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்றிக் குவிக்க வேண்டியிருந்தது. அம்மண் மழையில் கரைந்து ஓடைகளில் இறங்கியது. மூன்றாவது, அனல்மின் நிலையச் சாம்பல். மண்ணும் சாம்பலும் பரவனாற்றின் வழியே சென்று வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் படிந்தன. ஏரி நீர்ப்பரப்பாகத் தோன்றினும் அதன் ஆழம் குன்றியது.

இதனோடு ஒரு நன்மையும் வந்தது. சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ஆற்றில் விடப்பட்டமையால், மழைக்காலத்தில் மட்டும் ஓடிய பரவனாறு கோடையிலும் ஓடலாயிற்று. ஏரிப்பாசன உழவர் அந்நீரைக் கொண்டு பயிரிடலாயினர். மேலே ஓடும் நீர் பெருகியது. அதே காலத்தில் கீழே கிணற்று நீர் தாழ்ந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஆறு வளர்ந்தமையால் கண்ணுக்குப் புலனாகாத ஆறு சுருங்கியதைப் பலர் உடனே உணரவில்லை.

5. மீட்பு வேலைகள்

2010களின் முற்பகுதியில் நெய்வேலி நிறுவனம் தன் சமுதாயப் பொறுப்புப் பணியாக வாலாஜா ஏரியைத் தூர்வாரியது. பல தலைமுறையாகத் தூர்ந்து மேடாகிக் கிடந்த ஏரியில் மீண்டும் நீர் தேங்கியது. தூர்ந்தமைக்குக் காரணமான தொழிலே தூர்வாருதலையும் மேற்கொண்டமை வரலாற்றில் அரிதாகக் காணப்படும் நிகழ்ச்சி. அதனைப் பாராட்டுதல் வேண்டும். நீர் தேங்கிய இடத்தில் மீனும், மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வருதல் இயல்பு. ஏரியின் மீட்சியை முதலில் அறிவன பறவைகளே.

சுரங்கத்தினுள்ளும் மீட்பு வேலை நடைபெற்றது. நிலக்கரி எடுத்த குழியில் மேல்மண்ணை நிரப்பி நிலமாக்கினர். அம்மண் ஆழத்திலிருந்து வந்தது, உயிர்ச்சத்து அற்றது. தொழுவுரமும் பசுந்தாளுரமும் இட்டு, பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுத்த மட்கு அமிலத்தையும் பயன்படுத்தி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு கூடிய ஆய்வுகளின் துணையால் அதில் மரமும் பயிரும் வளர்த்தனர். நிரப்பிய நிலத்தில் நீர்நிலையும் பூங்காவும் படகுக் குழாமும் அமைந்தன. ஒரு காலத்தில் வெறுங்குழியாக இருந்த இடத்தில் இன்று மரநிழலும் பறவையொலியும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். நிறுவனத்தின் எல்லைக்குள் அமைந்த பூங்காவிற்கு வருவோர் பார்வையாளர். ஏரிக்கரையில் வாழ்வோர் உரியவர். பார்வையாளருக்கு நீர் ஒரு காட்சி. உரியவருக்கு அது உணவு, குளியல், மீன்பிடி, விழா, அச்சம் ஆகிய அனைத்தும். பார்வையாளர் மாலையில் திரும்பிச் செல்வர்; படகு பழுதானால் மறுமுறை வரார். உரியவர் மதகு பழுதானால் இரவிலும் செல்வர். பூங்கா வேண்டாம் என்பது நம் கருத்தன்று. உழைக்கும் மக்களுக்கு ஓய்விடம் தேவை. பூங்காவைக் காட்டி ஏரியை மறத்தல் கூடாது என்பதே கருத்து.

‘இயற்கை மீட்சி’ என்னும் தொடரையும் எச்சரிக்கையோடு ஆளுதல் நன்று. இவ்வட்டாரத்தின் அடையாளமாகிய முந்திரி, போர்த்துகீசியர் வழியே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. சவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டிக்கு விறகாகச் சென்னை மாநிலத்துக் கடற்கரைகளில் பெரிதும் நடப்பட்டது. பலா நமக்குப் பழையது. இன்று நாம் இங்கே இயற்கை என்று காண்பது, மனிதர் கைப்பட்டு, நூற்றாண்டுகளாக மனிதர் பேணியமையால் நிலைத்த இயற்கையாகும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் பெருந்தொகையாக வீழ்ந்தன. முந்திரி நட்டால் பயன்தரச் சில ஆண்டுகள் ஆகும்; பலாவுக்கு இன்னும் மிகுதி. எனினும் வீழ்ந்த தோட்டங்களை மக்கள் மீண்டும் நட்டனர். பயனும் உரிமையும் தமதாக இருந்தமையே அவர்களை அவ்வாறு செய்வித்தது. ஏரிக்கும் இஃது ஒக்கும்.

6. வெள்ளமும் இடமாற்றமும்

2015 நவம்பரில் பெய்த பெருமழை குறிஞ்சிப்பாடி வட்டாரத்தைப் பெரிதும் வருத்தியது. மேட்டு நிலத்து ஓடைகள் ஒரே நாளில் பொங்கின. தூர்ந்த ஏரிகளும் குறுகிய வாய்க்கால்களும் அந்நீரைத் தாங்கவில்லை. கடலுக்கு இணையாக ஓடும் பரவனாற்றிலிருந்து நேரே கடலுக்கு ஒரு வெட்டுவாய்க்கால் அமைக்கும் அருவாமூக்குத் திட்டம் உழவரின் நெடுநாள் வேண்டுகோளாக இருந்ததன் காரணம் இவ்வெள்ளத்தால் எல்லோர்க்கும் விளங்கியது. ஒரு வடிநிலத்தின் கீழ்ப்பகுதி மேற்பகுதியின் செயல்களுக்கு வரி செலுத்துகிறது என்பது இதனால் பெறப்படும்.

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின்பொருட்டுப் பரவனாற்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தில் நிலையான மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டது. 2023 ஜூலை 26இல் வளையமாதேவிப் பகுதியில் கதிர் விடும் பருவத்து நெல்வயலினுள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றும், மழைநீர் சுரங்கத்தையும் ஊர்களையும் தாக்காமல் இருக்கக் கால்வாய் இன்றியமையாதது என்றும் நிறுவனம் கூறியது. கையகப்படுத்திய பின்னரும் உழவர் அந்நிலத்தில் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். எதிர்ப்பு எழுந்தது, ஜூலை 28இல் நெய்வேலியில் நடந்த போராட்டம் கலவரமாயிற்று, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்று, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடாக வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், நெய்வேலிச் சுற்றுப்புறத்து நீரும் மண்ணும் மாசுற்றமை பற்றிப் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புக்கள் ஓர் அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

பயிருக்கு விலை உண்டு. அதனை நீதிமன்றம் வரையறுத்தது. ஆற்றின் பழைய வழிக்கு விலை யாது? அவ்வழியில் இருந்த துறையும் கரைமரமும் வெட்டுக்காலும் ஊரெல்லையும் எக்கணக்கிலும் எழுதப்படவில்லை. ஆறு என்பது வழி என்னும் பொருளையும் உடையது என்று தொடக்கத்தில் கூறினோம். நீரை வேறிடத்திற்கு மாற்றலாம். வழியை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று.

7. ஓர் ஒப்பீடு

நெய்வேலியில் மண் அகழும் பெருஞ்சக்கர எந்திரங்கள் ஜெர்மனி தந்தவை. அந்நாட்டின் கிழக்கிலுள்ள லுசாத்தியாப் பகுதியும் பழுப்பு நிலக்கரி நிலமே. அங்குக் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் நீர் நிரப்பி ஏரிகளாக்கினர். சென்ஃப்டென்பெர்க் ஏரியில் 1967 முதல் நீர் நிரப்பி, 1973இல் மக்கள் நீராடக் கரை திறக்கப்பட்டது. இன்று அவ்வட்டாரம் படகும் நீச்சலும் நிறைந்த ஏரி நாடாக விளங்குகிறது. சுரங்கக் குழி விளையாட்டு ஏரியாகலாம் என்பதற்கு இது சான்று.

ஆனால் அதே நிலம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அங்கு ஓடும் ஸ்பிரே ஆறு பல்லாண்டுகளாகச் சுரங்கத்திலிருந்து இறைத்த நீரால் பெருகியது. பரவனாற்றின் நிலையும் அதுவே. நிலக்கரி எடுத்தல் நின்றால் இறைத்தலும் நிற்கும். கோட்புஸ் நகரப் பகுதியில் வறண்ட கோடையில் ஸ்பிரே ஆற்றின் நீர் 75 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று ஜெர்மானிய நடுவண் சுற்றுச்சூழல் அலுவலகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அன்றியும், நிலத்தடி நீர் மீண்டும் ஏறும்போது இரும்புக் கலவை கரைந்து ஆற்றைப் பழுப்பாக்கிற்று. பெர்லின் தலைநகரின் குடிநீரே இதனால் கவலைக்கு உரியதாயிற்று.

நெய்வேலியில் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. சுரங்கங்களும் ஒரு நாள் ஓயும். அந்நாளில் கோடைப் பரவனாறு என்னாகும்? அதனை நம்பிய வாலாஜா, பெருமாள் ஏரிப் பாசனம் என்னாகும்? இக்கேள்விக்கு விடை காணாத மீட்புத் திட்டம் முழுமையுடையதாகாது. ஜெர்மனிக்கு இந்நெருக்கடி முன்னதாக வந்தது. நமக்கு அதனைக் கண்டு கற்கும் வாய்ப்பேனும் கிடைத்துள்ளது.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன சிலவற்றைத் தொகுத்துரைப்போம். பரவனாற்று வடிநிலத்தில் நடைபெற்ற மீட்பு உண்மையான மீட்பே. தூர்ந்த ஏரியில் நீர் நின்றதும், வெற்று மண்ணில் மரம் வளர்ந்ததும் சிறு செயல்கள் அல்ல. ஆயினும் அவை அமைத்தலைச் சார்ந்தவை. காத்தல் இன்னும் அமையவில்லை. ஒருமுறை தூர்வாரிய ஏரி, மேலிருந்து மண் வரும் வரையில், மீண்டும் தூரும். ஆண்டுதோறும் படிந்த மண் எவ்வளவு, விடப்பட்ட நீர் எத்தன்மையது என்னும் கணக்கை ஏரிப்பாசன உழவரும் மீனவரும் கரைவாழ் மக்களும் கேட்டறியும் முறை வேண்டும். ஏரி வாரியத்தின் சிறப்பு தேர்தலில் மட்டும் இல்லை, கணக்கில் உள்ளது.

நீர் மீண்டதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தைத் திங்களில் ஊர்ப் பிள்ளைகளை அவ்வேரியில் இறங்கி ஆடப் பெற்றோர் அச்சமின்றி விடுவார்களா? விடுவார்கள் என்றால் நீர் தூயது, கரை உறுதியானது, ஆழம் அறியப்பட்டது, வழி திறந்தது என்னும் நான்கும் ஒருங்கே மெய்ப்படும். விடமாட்டார்கள் என்றால் எத்துணைக் கன மீட்டர் தோண்டியிருப்பினும் மீட்சி குறைபாடுடையதே. புனலாட்டைப் பொழுதுபோக்கு எனத் தள்ளாமல், நீர்நிலையின் நலம் அறியும் அளவுகோலாகக் கொள்ளுமாறு நம் இலக்கியம் நமக்குக் கற்பிக்கிறது.

தமிழாய்வு மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மதகு, கலிங்கு, மடை, தூம்பு, குமிழி என ஏரியைச் சார்ந்த சொற்கள் கல்வெட்டிலும் அகராதியிலும் உள்ளன. ஆனால் பரவனாற்றின் ஒவ்வொரு துறைக்கும், வாலாஜா ஏரியின் ஒவ்வொரு மதகுக்கும், பெருமாள் ஏரிக்கரையின் ஒவ்வொரு திருப்பத்திற்கும் ஊரார் வழங்கும் பெயர் நூலில் இல்லை. முதியோர் நாவில் உள்ளது. ஆறு இடம் மாறிய பகுதியில் அப்பெயர்களுக்கு உரிய இடமே இன்று இல்லை. குள்ளஞ்சாவடி முதல் சேத்தியாத்தோப்பு வரை ஊர்தோறும் சென்று அப்பெயர்களையும் நீர் பங்கிட்ட முறைகளையும் விழா நாட்களையும் நிலப்படத்தோடு தொகுத்தல் உடனே செய்யத்தக்க பணியாகும். பிற்காலத்தில் எவரேனும் இவ்வாற்றை முழுமையாக மீட்க முனைந்தால், எதனை மீட்பது என்று அவர்க்குச் சொல்லும் ஆவணம் அதுவே ஆகும்.